வழக்கு மன்றமும் வகுப்பறையும்

கல்லூரியை விட்டுப் பல்லாண்டுகள் கழிந்த பின்னர், குடும்பமும் பிள்ளைகளும் அலுவலும் தோளில் இருக்க, மீண்டும் மாணாக்கராகிப் பொறியியல் பயிலப் புகுந்தவர்களைப் பற்றி நாம் படிக்கக் கிடைக்கும் எழுத்துகள் மிகச் சிலவே. கல்வி இளமைக்கே உரியது என்ற எண்ணம் நம்முள் ஆழ ஊறிக் கிடக்கிறது. ஆதலின் நடுவயதில் ஏடும் எழுதுகோலும் எடுத்தவரைக் கண்டால் ஒன்று வியக்கிறோம், அன்றேல் நகைக்கிறோம். அவர் என்ன படிக்கிறார், எவ்வாறு படிக்கிறார், எதை இழந்து படிக்கிறார் என்று கேட்பாரைக் காண்பது அரிது.

இக்குறையை ஓரளவு போக்கும் நூலொன்றும், அதனைத் தழுவிய திரைப்படமொன்றும் 2016ஆம் ஆண்டில் அமெரிக்காவில் வெளிவந்தன. இரண்டிற்கும் ‘ஹிட்டன் ஃபிகர்ஸ்’ என்பதே பெயர். ‘ஃபிகர்’ என்னும் ஆங்கிலச் சொல்லுக்கு எண் என்றும் பொருளுண்டு. உருவம் என்றும் பொருளுண்டு. மறைந்து கிடந்த கணக்குகளையும் மறைக்கப்பட்ட மனிதர்களையும் ஒரே சொல்லில் கட்டிவிட்ட அப்பெயரை நம் மொழியில் அப்படியே கொணர்வது கடினம். நூலை எழுதியவர் மார்கோ லீ ஷெட்டர்லி; வர்ஜீனியா மாநிலத்து ஹாம்ப்டன் நகரில் வளர்ந்தவர்; அந்நகரின் லாங்லி விண்ணாய்வு நிலையத்தில் விஞ்ஞானியாகப் பணியாற்றிய ஒருவரின் மகள். படத்தை இயக்கியவர் தியடோர் மெல்ஃபி. லாங்லியில் கணக்கிடும் பணியில் இருந்த கறுப்பினப் பெண்களின் வரலாறே இரண்டிற்கும் பொருள். அவர்களுள் கேதரின் ஜான்ஸன், டாரதி வான் ஆகியோரைப் பற்றிப் பிறர் நிரம்ப எழுதிவிட்டனர். மேரி ஜாக்ஸன் என்னும் அம்மையாரின் பகுதியை மட்டும் ஈண்டு எடுத்துக் கொள்கிறோம். பட்டம் பெற்றுப் பதினான்கு ஆண்டுகளுக்குப் பின் மீண்டும் வகுப்பில் அமர்ந்து பொறியாளரானவர் அவர். அவர் வாழ்வை நூல் ஒரு விதமாகக் கூறுகிறது. படம் வேறு விதமாகக் காட்டுகிறது. அவ்வேறுபாடு சிறிதன்று.

மேரி 1921இல் பிறந்தவர். ஹாம்ப்டன் இன்ஸ்டிட்யூட் என்ற கறுப்பினத்தவர் கல்லூரியில் கணிதமும் இயற்பியல் சார்ந்த அறிவியலும் பயின்று 1942இல் பட்டம் பெற்றார். அடுத்த ஒன்பது ஆண்டுகளில் அவர் பார்த்த வேலைகளை நிரல்படச் சொன்னாலே ஒரு காலத்தின் கதை விளங்கும். மேரிலாந்து மாநிலத்தில் கறுப்பினப் பிள்ளைகளின் பள்ளியில் ஆசிரியை. பின்னர் போர்க்காலப் படைவீரர் மன்றமொன்றில் வரவேற்பாளர். கல்லூரியின் சுகாதாரத் துறையில் கணக்கெழுத்தர். மகன் லெவி பிறந்தபின் சில காலம் வீட்டிலே. அப்பால் மன்றோ கோட்டையில் இராணுவச் செயலாளர். கணிதப் பட்டத்தைக் கையில் வைத்திருந்தும் கணிதத்தை நாடி அவர் வந்து சேர்ந்தது 1951இல்தான். லாங்லியின் மேற்குப் பகுதியில் கறுப்பினப் பெண்களுக்கென ஒதுக்கப்பட்டிருந்த கணக்கீட்டுப் பிரிவில் அவ்வாண்டு அமர்ந்தார். இந்த ஒன்பது ஆண்டுகள் படத்தில் இல்லை. படத்து மேரி தொடக்கத்திலேயே துடுக்கும் துணிவுமாக நிற்கிறார். அத்துணிவுக்கு முன் எத்தனை மேசைகளில் அவர் பொறுத்திருந்தார் என்பதைப் பார்வையாளர் அறிவதில்லை.

1953இல் நடந்த ஒரு நிகழ்ச்சியை நூல் கூறுகிறது. கிழக்குப் பகுதியில் வேலையாகச் சென்ற மேரி, தமக்குரிய கழிப்பறை எங்கே என்று அங்கிருந்த வெள்ளைப் பெண்களைக் கேட்டார். அவர்கள் நகைத்தனர். உனக்குரியது எங்கே என்று எங்களுக்கு எப்படித் தெரியும் என்பது அந்நகைப்பின் பொருள். உள்ளம் கொதித்துத் திரும்பியவர், வழியில் எதிர்ப்பட்ட காஸிமிர் ஸார்னெக்கி என்ற பொறியாளரிடம் தம் சினத்தையெல்லாம் கொட்டிவிட்டார். அவர் கேட்டிருந்துவிட்டு, என்னிடம் வந்து பணி செய்கிறீரா என்று வினவினார். ஆறுதல் மொழி கூறினாரல்லர், அறவுரை பகர்ந்தாரல்லர், வேலை கொடுத்தார்.

படம் இதனைப் பிய்த்துப் போட்டுவிட்டது. கழிப்பறை அவமானம் கேதரினுக்குப் போயிற்று. அவர் மழையில் நனைந்து அரை மைல் ஓடுவதும், மேலதிகாரி கடப்பாரை கொண்டு பெயர்ப் பலகையைத் தகர்ப்பதும் திரைக்கென இயற்றப்பட்டவை. மெய்யான கேதரின் அருகிலிருந்த கழிப்பறையையே தயங்காது பயன்படுத்தி வந்தவர். ஸார்னெக்கிக்கும் பெயர் மாறியது, பிறப்பும் மாறியது. மாசசூசெட்ஸ் மாநிலத்து அமெரிக்கரான அவர், திரையில் நாஜிகளின் சிறைமுகாமில் பெற்றோரை இழந்த போலந்து யூதராக, ஸீலின்ஸ்கி என்ற பெயருடன் வருகிறார். துன்புற்றவனுக்கே துன்புற்றவளின் நோவு புரியும் என்ற கருத்தை நாட்டுவதற்காக இம்மாற்றம் செய்யப்பட்டது போலும். நமக்கோ மெய்யான ஸார்னெக்கியே உயர்ந்தவராகத் தோன்றுகிறார். தமக்கு அத்தகைய துன்பம் ஏதும் நேராமலே ஒருவர் மற்றொருவரின் திறமையைக் கண்டு பக்கத்தில் இடமளித்தார் என்பது அன்றோ அரிய செய்தி?

அவர் அளித்த இடம் எத்தகையது என்பதையும் கூற வேண்டும். நான்கடிக்கு நான்கடி அளவுள்ள காற்றுச் சுரங்கம் அது. அறுபதாயிரம் குதிரைத்திறன் கொண்டு இயங்குவது. ஒலியின் வேகத்தைப் போல் ஏறத்தாழ இரு மடங்கு வேகத்தில் காற்றைப் பாய்ச்ச வல்லது. வானூர்தி பறந்து காற்றைக் கிழிப்பதற்கு மாறாக, இங்கே சிறு மாதிரி வடிவம் அசையாது நிற்கும். காற்றே அதன்மேல் பாயும். பாயும் காற்றில் பரப்பை ஒட்டிய மெல்லிய அடுக்கொன்று உண்டு. அவ்வடுக்கு ஒழுங்காகச் செல்லும் வரை உராய்வு குறைவு. ஓரிடத்தில் அது கலைந்து சுழலத் தொடங்கும். தொடங்கிய கணத்திலிருந்து உராய்வும் வெப்பமும் ஏறும். எங்கே கலைகிறது, எதனால் கலைகிறது என்பதுதான் கேள்வி. கூம்பு வடிவ முனைகளின் கோணத்தையும் காற்றின் வேகத்தையும் மாற்றி மாற்றி மேரியும் ஸார்னெக்கியும் இதனை ஆராய்ந்தனர். இருவர் பெயரிலும் அவ்வாய்வின் அறிக்கை 1958இல் வெளிவந்தது. பொறியியல் என்பது கணக்கின் விடையோடு முடிவதன்று. திருகும் கம்பியும் அளவுமானியும் கையில் பட வேண்டும். படத்தில் இச்சுரங்கம் ஒரே காட்சியில் வருகிறது. அங்கே நமக்கு நினைவில் நிற்பது கம்பித் தளத்தில் சிக்கிக் கொண்ட மேரியின் காலணிதான்! கூம்பு எதற்கு, காற்று எதற்கு என்பதை ஒரு நிமிடம் விளக்கியிருந்தால் படம் ஒன்றும் கெட்டுப் போயிராது.

நூலில் உள்ள மற்றொரு காட்சியையும் படம் கைவிட்டது. ஜான் பெக்கர் என்ற பிரிவுத் தலைவர் மேரியிடம் ஒரு கணக்கைக் கொடுத்தார். முடித்துக் கொண்டு வந்ததும் விடை பிழை என்றார். மேரி பிழையில்லை என்றார். இருவரும் எண்களை வரிவரியாகப் பார்த்தனர். மேரியின் கணக்கு சரியாகவே இருந்தது. பெக்கர் முதலில் கொடுத்த எண்களே தவறாக இருந்தன. அவர் மன்னிப்புக் கேட்டுக் கொண்டார். இதில் இசை இல்லை, கைத்தட்டல் இல்லை. இரண்டு மனிதர், ஒரு தாள். ஆயினும் அப்பெண் எதன் வலிமையால் நின்றார் என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் காட்சி வேறில்லை.

இனிப் படத்தின் நடுநாயகமான காட்சிக்கு வருவோம். கணக்கீட்டாளர் நிலையிலிருந்து பொறியாளர் நிலைக்கு உயர வேண்டுமாயின், வர்ஜீனியாப் பல்கலைக்கழகம் வேலை நேரத்திற்குப் பின் நடத்திய வகுப்புகளில் மேற்பட்டக் கணிதமும் இயற்பியலும் பயில வேண்டும். ஸார்னெக்கியே அவரை அதற்குத் தூண்டினார். வகுப்புகள் நடந்த இடமோ ஹாம்ப்டன் உயர்நிலைப் பள்ளி. வெள்ளையர் பிள்ளைகளுக்கு மட்டுமான பள்ளி. ஆதலின் நகராட்சியின் தனி அனுமதி வேண்டியிருந்தது. மேரி அனுமதி கோரினார், அனுமதி கிடைத்தது. 1956இன் இளவேனிலில் வகுப்பில் சேர்ந்தார். அப்போது அவருக்கு முப்பத்தைந்து வயது.

படத்தில் இது வழக்கு மன்றமாக விரிகிறது. மேரி நீதிபதியின் மேடையருகே செல்கிறார்; அவருடைய குடும்பத்தில் அவரே பலவற்றில் முதல்வர் என்பதை நினைவூட்டுகிறார்; இன்று தாங்கள் கேட்கும் நூறு வழக்குகளில் நூறாண்டு கழித்தும் நினைக்கப்படுவது எது என்ற பொருள்படப் பேசுகிறார். நீதிபதி இளகி, இரவு வகுப்புகளுக்கு மட்டும் என்று ஒப்புகிறார். ஜனெல் மோனே என்ற நடிகை இதனைத் திறம்பட நடித்திருக்கிறார்; மறுப்பதற்கில்லை. ‘பராசக்தி’ வெளிவந்த 1952 முதலாக வழக்கு மன்ற உரைகளில் தோய்ந்து வளர்ந்த தமிழர்களாகிய நமக்கு இக்காட்சி பிடித்துப் போவதிலும் வியப்பில்லை. எனினும் நிகழ்ந்திராத இவ்வழக்கு, நிகழ்ந்த ஒன்றை மறைத்துவிடுகிறது என்பதே நம் குற்றச்சாட்டு.

நிகழ்ந்தது யாது? அனுமதி பெற்று, முதன்முறையாக அப்பள்ளியின் வாயிலைக் கடந்து உள்ளே சென்ற மேரி திகைத்து நின்றார். இத்தனை ஆண்டுகள் தமக்கும் தம் இனத்துப் பிள்ளைகளுக்கும் மறுக்கப்பட்டிருந்த அந்தக் கட்டடம் பாழடைந்து, பழைய நெடி வீசிக் கிடந்தது. அரண்மனை ஒன்று பூட்டி வைக்கப்பட்டிருக்கிறது என்று எண்ணியிருந்தவர் உள்ளே கண்டது, தாம் அறிந்த கறுப்பினப் பள்ளிகளைவிடப் பெரிதும் மேலானதல்லாத ஒரு கட்டடத்தை. ஒரே ஊரில் இரண்டு பள்ளி முறைகளைப் பிரித்து நடத்திய வீண்செலவு, கறுப்பினத்தவரை மட்டுமன்றி ஏழை வெள்ளையரையும் சேர்த்தே வறியராக்கியது என்று ஷெட்டர்லி இவ்விடத்தில் எழுதுகிறார். நூல் முழுவதிலும் இதற்கு இணையான பகுதி மிகச் சிலவே. பிரிவினையின் அநீதியைச் சொன்னவர் பலர். அதன் அறிவீனத்தை ஒரு பழைய கட்டடத்தின் நெடியில் காட்டியவர் இவர். திரைப்படக்காரர்கள் இதனை எப்படி விட்டார்கள் என்று நாம் எண்ணி எண்ணிப் பார்க்கிறோம். கண்ணுக்குக் காட்ட எளிய காட்சியாயிற்றே! படத்தில் வகுப்பறை நன்றாகவே இருக்கிறது. ஆசிரியர், பெண்ணுக்குக் கற்பிக்க இப்பாடத் திட்டம் அமைக்கப்படவில்லை என்கிறார், ஆணுக்குக் கற்பிப்பதைப் போலத்தானே இதுவும் என்று மேரி சுருக்கென விடையிறுக்கிறார், இருக்கையில் அமர்கிறார். அத்துடன் அவருடைய கல்வி முடிந்தது. ஏனெனில் படம் அதன்பின் வகுப்பறைக்குள் போகவே இல்லை.

வளர்ந்த வயதில் கற்பவரின் கதை அந்த இருக்கையில்தான் தொடங்குகிறது என்போம் நாம். பதினான்கு ஆண்டுகளாகத் தொடாத பாடம் கை நழுவிப் போயிருக்கும். அருகில் அமர்ந்திருப்பவன் நேற்றுக் கல்லூரியை விட்டு வந்தவனாக இருப்பான். பகல் முழுதும் உழைத்த கண் மாலையில் கரும்பலகையில் நிலைக்க மறுக்கும். வயதானவருக்கு ஒரு வசதியும் உண்டு: பகலில் கையால் தொட்டதற்கு மாலையில் சமன்பாடு கிடைக்கும், இளைஞனுக்கு வெறும் குறியீடாகத் தெரிவது இவருக்குக் காற்றாகவும் வெப்பமாகவும் தெரியும். காற்றுச் சுரங்கத்திலிருந்து எழுந்து வகுப்புக்குச் சென்ற ஒருவருக்கு இது எத்துணைப் பெரிய துணை! படத்தை நாம் கடிந்த அளவுக்கு இல்லையாயினும் நூலையும் இங்கே சற்றுக் கடிய வேண்டியிருக்கிறது. பள்ளியின் வாயில் வரை நம்மை அழைத்துச் சென்று, பாழடைந்த சுவரையும் காட்டிய ஷெட்டர்லி, வகுப்பின் உள்ளே நெடுநேரம் நிற்பதில்லை. 1956இல் சேர்ந்தார், 1958இல் பொறியாளரானார் என்ற இரு ஆண்டெண்களுக்கு நடுவே நாம் காண விரும்பிய மாலைகள் விரைந்து கடந்து போகின்றன.

குடும்பத்தினர் கூடிப் படிக்கும் இதழாதலின், கணவர் பற்றிய பகுதியையும் விட்டுவிட இயலாது. படத்தில் கணவர் லெவி முதலில் தடுக்கிறார். உன்னை அவர்கள் பொறியாளராக விடமாட்டார்கள் என்கிறார். பின்னர் மனம் மாறி, முனை தேயத் தேயத் தள்ளி எழுதும் பென்சில்களை மனைவிக்குப் பரிசளிக்கிறார். அழகிய காட்சிதான். ஆனால் நீதிபதி இளகியதைப் போலவே கணவரும் இளகுகிறார் என்பதைக் கவனித்தோமா? இரண்டு ஆடவர் இரண்டு அனுமதிகளைத் தருகின்றனர். தந்தவுடன் எல்லாம் தீர்ந்துவிடுகிறது. இல்லத்தில் அவ்வாறு தீர்வதில்லை என்பதை நம் உம்மாமாரும் சகோதரிமாரும் நன்கறிவர். திருமணத்திற்குப் பின் படிக்கலாம் என்று பேச்சில் சம்மதம் தருவோர் நம்மிடையே குறைவில்லை. தேர்வு நாளன்று விருந்தினர் வந்துவிட்டால் அச்சம்மதம் என்னாகிறது? பிள்ளைக்குக் காய்ச்சல் கண்ட இரவில் பாடப் புத்தகம் யார் கையில் இருக்கிறது, பிள்ளை யார் தோளில் இருக்கிறது? படம் இக்கேள்விகளின் பக்கமே திரும்பவில்லை. பென்சிலைக் கொடுத்த கணவரையே, வாரத்தில் சில மாலைகள் இரு பிள்ளைகளுடன் அடுக்களையில் நிற்கக் காட்டியிருந்தால் அப்பரிசு இன்னும் பொருளுடையதாகியிருக்கும்.

காலத்தை மாற்றியதிலும் படம் ஒரு பெரும் பொருளை இழந்துவிட்டது. கதை 1961இல் நடப்பதாகத் திரையில் காண்கிறோம். மேரியோ 1958இலேயே பொறியாளராகிவிட்டார். நாசாவின் முதல் கறுப்பினப் பெண் பொறியாளர். அந்த 1958ஆம் ஆண்டில் வர்ஜீனியாவில் வேறென்ன நடந்தது? பள்ளிகளில் இனப் பிரிவினை சட்டத்திற்குப் புறம்பானது என்று உச்ச நீதிமன்றம் 1954இல் தீர்ப்பளித்திருந்தது. அதற்குப் பணிய மறுத்த மாநில அரசு, நார்ஃபோக், சார்லட்ஸ்வில் முதலிய ஊர்களில் பள்ளிகளை இழுத்து மூடியது. வெள்ளைப் பிள்ளையுடன் கறுப்புப் பிள்ளை அமர்வதைவிட இருவருமே படிக்காதிருப்பது மேல் என்ற முடிவு அது! பிரின்ஸ் எட்வர்ட் என்ற மாவட்டத்தில் 1959 முதல் 1964 வரை பொதுப் பள்ளிகளே நடக்கவில்லை. சிறுவருக்குப் பள்ளிகள் மூடப்பட்ட அந்த ஆண்டிலே, அதே மாநிலத்தில், வெள்ளையர் பள்ளியில் மாலை வகுப்புப் பயின்ற ஒரு கறுப்பினத் தாய் பொறியாளரானார். நூலைப் படிப்பவர் இவ்விரண்டையும் அருகருகே வைத்துப் பார்க்கலாம். விண்வெளி வீரர் ஜான் கிளென் பயணத்துடன் கதையைச் சேர்த்து முடிக்க வேண்டும் என்ற அவசரத்தில் படம் அவ்வாய்ப்பைக் கெடுத்துக் கொண்டது.

இத்தனை கூறியதால் படம் பயனற்றது என்று நேயர்கள் கொள்ள வேண்டா. ஏறத்தாழ இரண்டு மணி நேரத்தில் மூன்று பெண்களின் வாழ்வைச் சொல்வது எளிதன்று. கணிதம் கற்ற பெண்ணைக் கேலிக்குரியவளாக்காமல், அழகும் நகைச்சுவையும் உடைய முழு மனிதராகக் காட்டியமைக்கே இயக்குநரைப் பாராட்டலாம். நூலைத் தேடிச் சென்றவருள் பெரும்பாலோர் படத்தைப் பார்த்துவிட்டுச் சென்றவராகவே இருப்பர். இளைஞருக்கெனச் சுருக்கிய பதிப்பும் 2016இலேயே வந்திருக்கிறது. பிள்ளைகளுடன் படத்தைப் பார்த்துவிட்டு, மறுவாரம் அப்பதிப்பில் மேரியின் பகுதிகளை எடுத்துக் கொடுத்து, எது நடந்தது, எது சேர்க்கப்பட்டது என்று அவர்களையே கண்டுபிடிக்கச் செய்யலாம். எட்டாம் வகுப்பு, ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு இது நல்ல வேலை.

படம் பொறியாளர் பட்டத்துடன் மேரியை விட்டுவிடுகிறது. பிற்கால வாழ்வை முடிவில் ஓரிரு வரிகளில் எழுத்தால் காட்டி நிறுத்திக் கொள்கிறது. அவ்வரிகளுக்குள் அடங்காத செய்தி பல உண்டு. தம் பணிக்காலத்தில் ஏறத்தாழப் பன்னிரண்டு ஆய்வறிக்கைகளை அவர் தனித்தும் பிறருடன் சேர்ந்தும் எழுதினார். பொறியாளர் வரிசையில் எட்டக்கூடிய உயர் நிலையை எட்டிய பின், அதற்கு மேல் படி ஏற வழியில்லாதிருப்பதைக் கண்டார். 1979இல் பொறியியலையே விட்டு, பதவியிலும் ஒரு படி இறங்கி, பெண் பணியாளர் முன்னேற்றத்துக்கான அலுவலின் பொறுப்பை ஏற்றார். இரவு வகுப்பில் அமர்ந்து அரும்பாடுபட்டுப் பெற்ற ஒன்றைத் தாமே கைவிட்டு, பிறரை வேலைக்கு எடுப்பதிலும் உயர்த்துவதிலும் கை வைக்கக்கூடிய இடத்தைத் தேடிச் சென்றார். இது வெற்றியா, இழப்பா? ஷெட்டர்லி இதனைப் பெருந்தன்மையாகவே காண்கிறார். நமக்கு அதில் ஒரு துயரமும் தெரிகிறது. காற்றுச் சுரங்கத்தின் அருகில் அவரை இருத்திக் கொள்ள அந்நிலையத்துக்கு ஒரு வழி தெரிந்திருக்கலாகாதா?

1985இல் ஓய்வு பெற்ற அவர் 2005இல் மறைந்தார். வாஷிங்டனில் உள்ள நாசா தலைமையகத்திற்கு அவர் பெயரைச் சூட்டுவதாக 2020இல் அறிவித்தனர். படம் எடுத்தவர்கள் விட்டுவிட்ட காட்சிகளில் இரண்டினை நாம் இன்னும் தேடிக் கொண்டிருக்கிறோம். ஒன்று, 1960இல் மகன் லெவிக்குச் சரிவில் உருண்டோடும் பந்தய வண்டியைச் செய்ய மேரி உதவியது. காற்று எங்கே தடுக்கும், எப்படி வழுக்கும் என்ற தம் சுரங்க அறிவையெல்லாம் அந்த மரவண்டியில் காட்டினார். அவ்வட்டாரத்துப் பந்தயத்தில் வென்ற முதல் கறுப்பினச் சிறுவன் அவன். பெரியவனானால் என்ன ஆவாய் என்று கேட்டதற்கு, அம்மாவைப் போலப் பொறியாளர் என்றான். மற்றொன்று, 1970களில் ஹாம்ப்டன் நகரத்துக் கிங் தெருச் சமூகக் கூடத்தில் அறிவியல் மன்றப் பிள்ளைகளைக் கூட்டி வைத்துக் கொண்டு, அவர்கள் கையாலேயே ஒரு சிறு காற்றுச் சுரங்கத்தைக் கட்டச் செய்து, அதில் சோதனைகளும் நடத்த வைத்தது.